கல்வி, உடல்நலம், கலை: ஒரு பல்கலைக்கழகப் புலம் ஊரோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி?

பல்கலைக்கழகம் என்றதும் வகுப்பறை, ஆய்வகம், பட்டமளிப்பு விழா இவைதான் நினைவுக்கு வரும். சமூக சேவை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முகாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் பயிற்சி, செவிலியம், பேச்சு சிகிச்சை, இசை, நாடகம் போன்ற துறைகள் உள்ள ஒரு புலத்தில் விஷயமே வேறு. அங்கே ஊர்மக்கள் இல்லாமல் படிப்பே நடக்காது. எதிரே குழந்தைகள் உட்காராமல் ஒருவர் ஆசிரியராக முடியாது. நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்காமல் செவிலியராக முடியாது. பார்வையாளர் இல்லாத அரங்கில் நடிப்பைக் கற்க முடியாது.

ஆக, மாணவருக்கு மக்கள் தேவை. மக்களுக்கும் அந்த மாணவர் கற்கிற வேலை தேவை. இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றுக்கொன்று கெடுதல் இல்லாமல் பொருத்துவதுதான் இந்தப் புலத்தின் சேவை என்பது என் புரிதல். பொருந்தாமல் போனால் முகாம் நடந்திருக்கும், அறிக்கை வந்திருக்கும், ஊரில் ஒன்றும் மாறியிருக்காது. எப்படிப் பொருத்துகிறார்கள், எங்கே தவறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

புலம் என்பது ஒன்றுக்கொன்று தொடர்புள்ள பல துறைகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்திருக்கும் அமைப்பு. அதற்கு ஒரு புலத்தலைவர் இருப்பார். சில பல்கலைக்கழகங்கள் கல்வியையும் உடல்நலத்தையும் கலையையும் தனித்தனிப் புலங்களாக வைத்திருக்கின்றன. சில இடங்களில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். முதலில் பார்க்கும்போது இந்தச் சேர்க்கை விசித்திரமாகத் தோன்றலாம். கணக்கு வாத்தியாருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் வயலின் கலைஞருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் மனிதரிடம் இருக்கிறது. பாடம் வேறு, உடம்பு வேறு, மனசு வேறு என்று பிரித்துக்கொண்டு யாரும் வாழ்வதில்லை. 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளர் ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். உலகின் முதல் உளவியல் கிளினிக் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே வந்த முதல் ஆள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய 14 வயதுப் பையன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. இது பள்ளிக்கூடப் பிரச்சினையா, மருத்துவப் பிரச்சினையா? அந்த ஆசிரியைக்கு அந்தக் கேள்வி முக்கியமில்லை. பையனுக்கு உதவி வேண்டும், பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி யோசிக்கிற ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கும் ஒரு புலத்தின் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். தங்கள் சிக்கல் எந்தத் துறையின் கீழ் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணம் எப்போது வந்தது?

பல்கலைக்கழகம் தன் மதில்சுவரைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1867-இல் இங்கிலாந்தின் வடக்கு நகரங்களில் பெண்களுக்காக விரிவுரைகள் நடத்தினார். அன்று பெண்களுக்குப் பட்டப்படிப்பின் கதவு திறக்கவில்லை. 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே அந்த ஏற்பாட்டைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1862-இல் வந்த சட்டம் ஒன்று வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு அரசு நிலம் தந்தது. 1914-இல் வந்த இன்னொரு சட்டம் அந்தக் கல்லூரிகளின் அறிவை விவசாயிகளிடமும் குடும்பங்களிடமும் கொண்டுசேர்க்க விரிவாக்கப் பணியாளர்களை அனுப்பியது. 1918-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் மாணவர்கள் போராட்டம் நடத்தினார்கள். அதன்பின் லத்தீன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல், ஆய்வு இரண்டோடு மக்களிடம் செல்வதும் மூன்றாவது கடமையாக வேரூன்றியது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது லண்டனின் கதை. 1884-இல் நகரின் கிழக்குப் பகுதியான வைட்சேப்பலில் சாமுவேல் பார்னெட், ஹென்ரியட்டா பார்னெட் தம்பதி டாயின்பி ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் பட்டதாரிகளும் அந்த ஏழைக் குடியிருப்பிலேயே வந்து தங்கி, அங்குள்ளவர்களோடு பழகி, பாடம் நடத்தினார்கள். பார்னெட் தம்பதி அதற்கு முன்பிருந்தே அந்தப் பகுதி மக்களுக்காக ஆண்டுதோறும் ஓவியக் கண்காட்சி நடத்தி வந்தார்கள். பசியும் நோயும் உள்ள இடத்தில் ஓவியம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்த மக்களுக்கும் நல்ல ஓவியம் பார்க்கும் உரிமை உண்டு என்பதுதான் அவர்களின் பதில். அந்தக் கண்காட்சிகளின் தொடர்ச்சியாக 1901-இல் திறக்கப்பட்ட வைட்சேப்பல் கலைக்கூடம் இன்றும் இயங்குகிறது.

கல்வி: யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள்?

கல்வித்துறையின் சேவையில் எளிதாகக் கண்ணில் படுவது கற்பித்தல் பயிற்சி. ஆசிரியர் படிப்பில் இருப்பவர்கள் சில வாரங்கள் உண்மையான பள்ளியில், அனுபவமுள்ள ஆசிரியரின் கண்பார்வையில் வகுப்பு எடுப்பார்கள். வாசிக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்குத் தனிப்பயிற்சி மையம், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி என்று இது விரியும். சில பல்கலைக்கழகங்கள் சொந்தமாகவே பள்ளி நடத்துகின்றன. ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளி இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. கல்வி பற்றிய கருத்துகளைக் காகிதத்தில் மட்டும் வாதாடாமல் குழந்தைகளோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஆனால் ஊருக்குப் போய்க் கற்பிப்பது என்றால் என்ன என்பதை ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து விளக்கச் சொன்னால் நான் பிரேசிலுக்குத்தான் போவேன். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே அப்போது ரெசிஃபே பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு விரிவாக்கப் பிரிவின் இயக்குநர். 1963-இல் வடகிழக்கு பிரேசிலின் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் எழுதப் படிக்கத் தெரியாத ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு அவருடைய முறையில் வகுப்புகள் நடந்தன. மொத்தம் சுமார் 40 மணி நேரப் பாடம். வகுப்பை நடத்தியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்.

அவர்கள் கையில் பாடப்புத்தகம் கொண்டுபோகவில்லை. முதலில் ஊரில் சுற்றி, மக்கள் என்ன பேசுகிறார்கள், எந்தச் சொற்களில் அவர்கள் வாழ்க்கை இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்தச் சொற்களே பாடமாயின. இந்த முறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சொல் ‘திஜோலோ’. போர்த்துக்கீசிய மொழியில் செங்கல். முதலில் செங்கல் வைத்துக் கட்டும் தொழிலாளர்களின் படத்தைக் காட்டிப் பேசுவார்கள். யாருடைய வீடு, யார் கட்டுகிறார், கட்டுகிறவருக்கு வீடு உண்டா? பேச்சு சூடு பிடித்த பிறகுதான் எழுத்து வரும். சொல்லை தி, ஜோ, லோ என்று பிரித்து, ஒவ்வொன்றின் வரிசையையும் எழுதிக் காட்டுவார்கள்: தா, தே, தி, தோ, து என்று ஒரு வரிசை, ஜா, ஜே, ஜி, ஜோ, ஜு என்று அடுத்தது, லகரத்துக்கு இன்னொன்று. இப்போது பலகையில் 15 அசைகள். அவற்றைக் கலைத்துப் போட்டுப் புதுச் சொல் உண்டாக்கச் சொல்வார்கள். ஒருவர் ‘லோஜா’ என்பார், கடை. இன்னொருவர் ‘லுதா’ என்பார், போராட்டம். முதல் நாள்களிலேயே, யாரும் சொல்லித் தராத ஒரு சொல்லைத் தானே உருவாக்கி எழுதிவிட்ட மனிதருக்கு எழுத்தின்மீது இருந்த பயம் போய்விடும்.

ஃப்ரெய்ரே முறை வகுப்புகளில் உரையாடலைத் தொடங்கி வைக்கும் படங்களை வரைந்து கொடுத்தவர் பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் என்ற ஓவியர். அதாவது கல்வியும் கலையும் அங்கே தனித்தனியாக நிற்கவில்லை. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இந்த எழுத்தறிவுத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார், பின்னர் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 40 மணி நேர வகுப்பு ஓர் அரசைப் பயமுறுத்தியது என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம்: மாணவர் கையில் நம் உடம்பு

பயிற்சி மாணவரிடம் போய் உடம்பைக் காட்டுவதா என்று தயக்கம் வருவது இயல்பு. எனவே ஏற்பாட்டைப் புரிந்துகொள்வது அவசியம். பல்கலைக்கழக கிளினிக்கில் மாணவர் பார்ப்பார், ஆனால் முடிவு அவருடையது அல்ல. உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் அதே அறையிலோ, கண்ணாடிக்குப் பின்னாலோ இருப்பார். மாணவர் எழுதும் அறிக்கையைச் சரிபார்த்து அவர்தான் கையெழுத்திடுவார். கட்டணம் இல்லாமலோ குறைவாகவோ இருக்கும். ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. அவசரமில்லாமல் முழுக் கதையையும் கேட்க ஓர் ஆள் கிடைப்பது எங்கும் அபூர்வம்தான்.

கிளினிக்குக்கு வெளியே நடக்கும் வேலைக்கு ஒரு சின்ன உதாரணம், பள்ளியில் நடக்கும் செவித்திறன் பரிசோதனை. ஓர் அமைதியான அறை. குழந்தையின் காதில் ஹெட்போன். பேச்சு, செவித்திறன் துறை மாணவர் ஆடியோமீட்டர் என்ற கருவியில் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை 20 டெசிபல் அளவில் ஒவ்வொரு காதுக்கும் கொடுப்பார். கேட்டதும் குழந்தை கையைத் தூக்க வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் நுணுக்கம் புரியும். கெட்டிக்காரக் குழந்தைகள் காதை நம்புவதைவிட எதிரே இருப்பவரின் முகத்தையும் கையையும்தான் கவனிப்பார்கள். பொத்தானை அழுத்தும் அசைவு தெரிந்தால் போதும், ஒலி கேட்காமலே கை உயரும். ஒரே இடைவெளியில் ஒலி கொடுத்தாலும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் குழந்தை பார்க்காத கோணத்தில் உட்காரவும், இடைவெளியை மாற்றி மாற்றிக் கொடுக்கவும் மாணவர் பழக வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தாலும் உண்மையான குழந்தைகள் முன்னால் உட்கார்ந்தால்தான் இது கைவரும்.

இந்தப் பரிசோதனை ஏன் முக்கியம்? லேசான செவிக்குறை உள்ள குழந்தைக்குப் பேச்சு கேட்கும். ஆனால் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். டீச்சர் சொல்வதில் பாதி புரியாது. கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வந்துவிடும். நடுச்செவியில் நீர் தேங்கியதுபோன்ற, சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால் ஒரு குழந்தையின் பள்ளி வாழ்க்கையே மாறும்.

ஆனால் இங்கேதான் பெரிய எச்சரிக்கையும் இருக்கிறது. பரிசோதனை செய்வது தொடக்கம்தான். காதில் பிரச்சினை இருக்கலாம் என்று பெற்றோரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு மாணவர்கள் பஸ் ஏறிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கவலை மட்டுமே. மறுபரிசோதனை எங்கே, சிகிச்சை யாரிடம், செலவு யாருடையது, போய்ப் பார்த்தார்களா என்று யார் கேட்பார்கள்? இவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் முகாமுக்குத் தேதி குறிக்க வேண்டும். பதில் இல்லையென்றால் முகாமைத் தள்ளிப்போடுவதே நல்லது. 1978-இல் அல்மா அட்டா மாநாட்டில் உலக நாடுகள் ஆரம்பச் சுகாதாரம் பற்றி அறிவித்தபோது, தங்கள் நலத்தைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் மக்கள் பங்கேற்பது அவர்களின் உரிமையும் கடமையும் என்று சொன்னார்கள். மேலே கேட்ட கேள்விகளை ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசாமல் அந்தப் பங்கேற்பு நடக்காது.

கலை: எளிதில் ஒதுக்கப்படும் மூன்றாவது

நிதி குறையும்போது முதலில் கைவைப்பது கலைத்துறையின் சமூகப் பணிகளில்தான். அது நியாயமில்லை. கலைத்துறை என்றால் இலவசக் கச்சேரி, கண்காட்சி என்று நின்றுவிடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல், கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயைத் தடுப்பதிலும் நலத்தைப் பேணுவதிலும், சிகிச்சையிலும் நோயோடு வாழ்வதிலும் கலைக்கு இடம் உண்டு என்பது அதன் முடிவு.

நேரில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குப் பேச்சு போய்விடும். இதை அஃபேசியா என்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குத் தெரியும், சொல் மட்டும் வாயில் வராது. தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒருவர், சின்ன வயதில் பழகிய பாட்டை ஆரம்பித்தால் வரிகளோடு சேர்ந்து பாடிவிடுவதைப் பார்க்கலாம். இதை வைத்துத்தான் 1973-இல் பாஸ்டனில் இருந்த ஆய்வாளர்கள் ஒரு பேச்சு சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். ‘தண்ணி வேணும்’ போன்ற அன்றாட வாக்கியத்தை இராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லப் பழக்கி, பிறகு மெல்ல மெல்ல இராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவது. இன்று சில பல்கலைக்கழகங்களில் அஃபேசியா உள்ளவர்களுக்கென்றே பாடகர் குழு இருக்கிறது. இசை மாணவர் பாட்டை நடத்துவார், பேச்சு சிகிச்சை மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவார். வாரத்தில் ஒரு மணி நேரமாவது, மாதக்கணக்கில் வீட்டுக்குள் மௌனமாக இருந்தவர்களின் குரல் வெளியே கேட்கும். கூடவே வந்த மனைவிக்கும் மகனுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்த மதிப்பெண் பட்டியலிலும் எழுத முடியாது.

நாடகத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு. பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில், ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தீர்வில்லாமல் நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதே காட்சியை மறுபடி நடிக்கும்போது பார்வையாளர் யாரும் “நிறுத்துங்க” என்று சொல்லி மேடையேறி, தான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று நடித்துக் காட்டலாம். ஊரின் யோசனை ஊராரிடமிருந்தே வெளியே வரும். அதேபோல முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது, பழைய புகைப்படங்களைச் சேகரித்து ஊருக்கே ஓர் ஆவணக் காப்பகம் அமைப்பது இவையும் கலைத்துறையின் வேலைகள்தான்.

எங்கே தவறிப்போகிறது?

முதல் சிக்கல் காலண்டர். செமஸ்டர் நான்கைந்து மாதங்களில் முடியும். ஊரின் வாழ்க்கை அப்படி முடிவதில்லை. ஒரு குழந்தை ஒரு மாணவரோடு மெல்லப் பழகி, வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் தேர்வு வந்துவிடும், மாணவர் போய்விடுவார். அடுத்த ஆண்டு புது முகம். இதைத் தடுக்க, மாணவர்கள் மாறினாலும் மாறாத ஒரு பணியாளர் அந்த ஊரின் தொடர்புக்கென இருக்க வேண்டும். நல்ல திட்டங்களை உற்றுப் பார்த்தால் எல்லாவற்றிலும் இப்படி ஒருவர் பல ஆண்டுகளாக நிற்பது தெரியும். சம்பளம் ஒதுக்காமல் இந்த ஆளை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, கேள்வியை யார் கேட்டது? பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரைக்குத் தரவு வேண்டும். ஊருக்கு வேறொரு கவலை இருக்கும். இந்த இடைவெளி எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு அமெரிக்காவின் டஸ்கிகீயில் நடந்தது சாட்சி. 1932 முதல் 1972 வரை அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை, அங்கிருந்த உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்போடு, சிபிலிஸ் நோய் இருந்த 399 பேரையும் நோய் இல்லாத 201 பேரையும் கண்காணித்தது. எல்லாரும் கறுப்பின ஆண்கள், ஏழைகள். சிகிச்சை என்ற பெயரில் அழைத்து, உண்மையில் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940-களில் அந்த நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அதைத் தரவில்லை, சொல்லவும் இல்லை. செய்தித்தாள்களில் அம்பலமான பிறகுதான் நின்றது. அதன் விளைவாக, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகளை ஆய்வு நெறிக்கு அடிப்படையாக வைத்து 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. இன்று பல்கலைக்கழக ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பங்கேற்பவரின் புரிந்த சம்மதமும் கேட்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் அந்த மனிதர்கள் பட்ட துன்பம் இருக்கிறது.

சம்மதத்தையும் தாண்டி ஒரு படி மேலே போகிறது பங்கேற்பு ஆய்வு. அதில் எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, முடிவை எங்கே சொல்வது என்ற எல்லாவற்றிலும் ஊர்ப் பிரதிநிதிகளுக்குச் சம பங்கு. அவர்களின் நேரத்துக்கு ஊதியமும் உண்டு. மெதுவாகத்தான் நகரும். ஆனால் கிடைக்கும் முடிவை ஊர் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது சிக்கல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், ஊரில் கழித்த ஆண்டுகளை எண்ணுவதில்லை. எர்னஸ்ட் போயர் என்ற கல்வியாளர் 1990-லேயே, புதியதைக் கண்டுபிடிப்பது மட்டும் புலமை அல்ல, அறிவைப் பயன்படுத்துவதும் கற்பிப்பதும்கூடப் புலமைதான் என்று வாதாடினார். 2006 முதல் அமெரிக்காவில், உயர்கல்வி நிறுவனங்களை வகைப்படுத்தும் கார்னெகி வகைப்பாட்டின் கீழ், சமூகத்தோடு இணைந்து செயல்படும் பல்கலைக்கழகங்களுக்குத் தனி அங்கீகாரம் தருகிறார்கள். மாற்றம் வருகிறது, வேகம் போதாது.

ஒரு பல்கலைக்கழகத்திடம் உதவி கேட்க நினைக்கிறீர்களா?

நீங்கள் ஒரு பள்ளியோ முதியோர் இல்லமோ நடத்துகிறீர்கள் என்றால், அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புல அலுவலகத்தில் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டு அவரிடம் நேராகப் பேசலாம். செமஸ்டர் தொடங்கியபின் போனால் மாணவர்களை ஏற்கெனவே எங்காவது அனுப்பியிருப்பார்கள். அதனால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே போவது நல்லது. “உங்களால் என்ன செய்ய முடியும்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “எங்களிடம் மூன்றாம் வகுப்பில் வாசிக்கச் சிரமப்படும் குழந்தைகள் இத்தனை பேர் இருக்கிறார்கள்” என்று குறிப்பாகச் சொன்னால் வேலை சீக்கிரம் நகரும்.

அவர்களாகத் தேடி வந்தால், மேற்பார்வைக்கு யார் வருவார்கள், செமஸ்டர் விடுமுறையில் என்ன ஆகும், திரட்டும் தகவல் யாரிடம் இருக்கும், முடிவுகளை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். பதில்களைப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நல்ல புலம் இந்தக் கேள்விகளுக்குச் சங்கடப்படாது. பெரும்பாலும் நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர்களே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள்.